பந்தயத் தடத்திலிருந்து சாலைக்கு வந்தது என்ன?

கார் பந்தயத்தில் கொட்டப்படும் பணத்தாலும் அங்கே போன உயிர்களாலும் சாலையில் ஓடும் காருக்கு என்ன கிடைத்தது? பந்தயத்துக்கு எவ்வளவு வயதோ, இந்தக் கேள்விக்கும் ஏறக்குறைய அவ்வளவு வயது. 1903-ல் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்குக் கிளம்பிய பந்தயம், வழியில் நேர்ந்த சாவுகளால் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் பலியானார். 1955 ஜூன் 11 அன்று லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தில் பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ், பார்வையாளர் பகுதியருகே மோதிச் சிதறியதில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து சுற்றுத்தடப் பந்தயத்தையே தடை செய்தது. அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. இத்தகைய ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பந்தய ஆதரவாளர்கள் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: இங்கே சோதிக்கப்படுவது நாளை உங்கள் காரில் வரும்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை? ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தையும் அதில் இறங்கிய அணிகளையும் முன்வைத்து இதைப் பார்ப்பதே இங்கு நோக்கம். ஃபார்முலா 1 வண்டிக்கும் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் உறவு இருப்பதாக இன்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயமோ அந்த உறவையே தன் அடிப்படையாகச் சொல்லிக்கொண்டு பிறந்தது. ஆகவே கேள்வியின் கூர்மை இங்கேதான் அதிகம்.

கேள்வி பிறந்த விதம்

1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழ் நடத்திய ஓட்டம்தான் பொதுவாக முதல் கார் போட்டியாகக் கருதப்படுகிறது. முதலில் வந்து சேர்ந்தது தெ தியோன் பிரபுவின் நீராவி வண்டி. ஆனால் அதை ஓட்ட, அடுப்பைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆபத்தில்லாமல், எளிதாகக் கையாளும்படி, குறைந்த செலவில் ஓடும் வண்டிக்கே பரிசு என்பது விதி. எனவே முதல் பரிசை பனார் நிறுவனமும் பெஜோ நிறுவனமும் பகிர்ந்துகொண்டன. வேகத்தைவிடப் பயன்பாடே அன்று அளவுகோலாக இருந்தது.

அடுத்த ஆண்டு பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் சுமார் 1,180 கிலோமீட்டர் பந்தயத்தில் எமில் லெவாசோர் 48 மணி 48 நிமிடத்தில் முதலில் வந்தார். அவருக்கும் முதல் பரிசு இல்லை. அவருடைய வண்டியில் இரண்டே இருக்கைகள். பரிசு நான்கு இருக்கை கொண்ட பெஜோவுக்குப் போனது. அதே பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் மாட்டிய வண்டியோடு இறங்கினார்கள். வழியெல்லாம் பஞ்சர்; பட்டியலில் சொல்லிக்கொள்ளும்படியான இடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் காருக்குக் காற்றடைத்த டயர் என்பது சாதாரண வழக்கமாகிவிட்டது. அந்தப் பந்தயத்திலிருந்து சாலைக்கு வந்ததை வென்றவர் கொண்டுவரவில்லை, தோற்றவர் கொண்டுவந்தார். வெற்றிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பந்தயத்தின் பயனைக் கணக்கிடுவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

லெ மான்ஸ் 24 மணிப் பந்தயம் 1923 மே மாதம் தொடங்கியபோது இந்தப் பயன்பாட்டு எண்ணம் விதியாகவே எழுதப்பட்டது. விற்பனைக்கு வந்த சுற்றுலாக் கார்களே ஓட வேண்டும். பயணிகளின் எடைக்கு ஈடாகப் பாரம் ஏற்ற வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில், சில சுற்றுகள் முடிந்ததும் ஓட்டுநரே வண்டியை நிறுத்தி, துணிக் கூரையை விரித்து மாட்டி, அதோடு ஓடிக் காட்ட வேண்டும் என்றுகூட விதி இருந்தது. மழைக்கு உதவாத கூரையோடு கார் விற்கக் கூடாது என்பதுதான் அதன் உட்கருத்து. இரவு முழுக்க ஓடுவதால் மின்விளக்குகளும் தேர்வுக்கு வந்தன.

முதல் பந்தயத்துக்கு வந்த ஒரே பென்ட்லி வண்டியின் கதை இந்த எண்ணத்துக்கு நல்ல சான்று. அதற்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக். அன்றைய தடம் வெறும் கப்பிச்சாலை. தெறித்த கல் முகப்பு விளக்கை உடைத்தது. இன்னொரு கல் பெட்ரோல் தொட்டியை ஓட்டையாக்கி, வண்டி தடத்தின் நடுவழியில் நின்றது. வண்டியை ஓட்டிவந்த ஜான் டஃப் ஓடியே முகாமுக்கு வந்தார். அவருடைய கூட்டாளி ஃபிராங்க் கிளெமென்ட் ஒரு சைக்கிளை வாங்கி, பெட்ரோல் கேன்களைச் சுமந்துகொண்டு எதிர்த்திசையில் மிதித்துப் போய், ஓட்டையை அடைத்து வண்டியைக் கிளப்பினார். மறு ஆண்டு அதே இருவர் நான்கு சக்கர பிரேக்கோடும், விளக்குக்குக் கம்பி வலையோடும், தொட்டிக்குக் காப்போடும் வந்து வென்றார்கள். பந்தயம் குறையைக் காட்டியது, ஓராண்டுக்குள் அது சரிசெய்யப்பட்டது. சோதனைக்கூடம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றைப் பிற்காலத்தில் காண்பது அரிது.

சோதனைக்கூடம் என்ற பதில்

இந்த வாதத்தினர் அடுக்கும் சான்றுகள் வலுவானவையே. 1906-ல் நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரியில் டயர் வெடித்தால் ஓட்டுநரும் உடன் வரும் மெக்கானிக்கும் மட்டுமே மாற்ற வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் சூட்டில் ஒட்டிப்போன டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துக்கொண்டிருக்க, ரெனோ அணியினர் மிஷெலின் தந்த கழற்றி மாட்டும் ரிம்மால் சில நிமிடங்களில் வேலையை முடித்தார்கள். அந்த அணியின் ஃபெரென்ஸ் ஸிஸ் வென்றார். 1912-ல் பெஜோ அணி கொண்டுவந்த இன்ஜினில் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், தலைமேல் இரண்டு கேம்ஷாஃப்டுகள். இன்று கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ ஓடும் ஒரு சாதாரணக் காரின் போனட்டைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே அமைப்புதான் இருக்கும்.

ஆனால் 1912-ல் வந்தது எல்லோர் காருக்கும் வந்துசேர எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின. இடையில் ஜாகுவாரின் 1948 எக்ஸ்.கே. இன்ஜின் போன்றவை இரட்டைக் கேம்ஷாஃப்டைக் கொஞ்சம் பரவலாக்கின, அவ்வளவுதான். எரிபொருள் விலையும் புகைக் கட்டுப்பாடும் நெருக்கிய பிறகே நான்கு வால்வு அமைப்பு வீட்டுக் கார்களுக்கு வந்தது. முக்கால் நூற்றாண்டு காத்திருந்த ஒன்றைப் பந்தயத்தின் கொடை என்பதா, உலோகவியலும் தொழிற்சாலை நுட்பமும் வளர்ந்ததன் விளைவு என்பதா? இரண்டும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இரண்டாவதன் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு சான்று டிஸ்க் பிரேக். இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டிரம் பிரேக்கில் ஷூக்கள் மூடிய டிரம்முக்குள் இருந்து வெளிப்பக்கமாக அழுத்துகின்றன. சூடு உள்ளேயே தங்கும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. டிஸ்க்கோ காற்று படும்படி வெளியே சுழல்வது. சூட்டில் தடித்தால் தன்னை அழுத்தும் பேடை நோக்கியே தடிக்கும். அன்று லெ மான்ஸில் சுமார் 6 கிலோமீட்டர் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் கூர்மையான வளைவு இருந்தது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வந்து, சுற்றுக்குச் சுற்று, பகலும் இரவும் அதே இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. 1953-ல் டன்லப் நிறுவனத்தோடு சேர்ந்து டிஸ்க் பிரேக் மாட்டி வந்த ஜாகுவார் சி-டைப்பில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் சராசரியாக மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் வென்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் மெர்சிடிஸ் அணி டிரம் பிரேக்கையே நம்பி, அது போதாமல் வண்டியின் முதுகில் தூக்கி நிற்கும் காற்றுத் தடுப்பு ஒன்றை மாட்டி வந்தது. ஜாகுவார் கண்ட வழி எவ்வளவு மேலானது என்பதை அந்தப் பெரிய உலோகப் பலகையே காட்டிக்கொடுத்தது.

இவ்வளவு இருந்தும், டிஸ்க் பிரேக்கைப் பந்தயம் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். டன்லப் அதை வளர்த்தெடுத்தது விமானச் சக்கரங்களுக்காக. அமெரிக்காவில் கிராஸ்லி நிறுவனம் 1949-ல் ஒரு சிறு காரில் பொருத்தி விற்றது. அது சரியாக உழைக்கவில்லை. 1955-ல் முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கோடு வந்த சித்ரோயென் டி.எஸ். பந்தயத்தில் பிறந்த கார் அல்ல. அதன் வடிவமைப்பு வேலை ஜாகுவார் வென்ற நாளுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பந்தயம் செய்தது, தயங்கி நின்ற ஒரு நுட்பத்தை எல்லோர் கண் முன்னும் 24 மணி நேரம் நிரூபித்ததுதான். இது சின்ன வேலையல்ல. ஆனாலும் கண்டுபிடிப்புக்கும் நிரூபணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வாதம் தொடர்ந்து அழித்துவிடுகிறது.

இதே அழிப்பு வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 1911 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹரூன் தன் வண்டியில் பின்னோக்குக் கண்ணாடி மாட்டி வென்றது பந்தயத்தின் கொடையாகப் புத்தகங்களில் இடம்பெறும். டோரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் ஓட்டுநர் 1909-ல் எழுதிய நூலிலேயே, கைக்கண்ணாடி வைத்துப் பின்னால் பார்க்கும்படி பெண்களுக்கு யோசனை சொல்லியிருந்தார். டர்போ என்றால் போர்ஷ 917 நினைவுக்கு வரும். ஆனால் 1962-லேயே அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல், ஷெவ்ரலே நிறுவனங்கள் டர்போ கார்களை விற்றன. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையைப் பிரபலப்படுத்திய 1954 மெர்சிடிஸ் 300 எஸ்.எல். சாலைக் காருக்கு மூதாதை 1952-ல் லெ மான்ஸ் வென்ற பந்தயக் கார்தான். அந்தப் பந்தயக் காரில் இருந்ததோ கார்புரேட்டர். நேரடிப் பீய்ச்சல் வந்த வழி ஜெர்மன் போர் விமான இன்ஜின்கள்.

உயிர் காக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் வாதம் மேலும் தளர்கிறது. மூன்று முனை இருக்கை வார் 1959-ல் வால்வோவிலிருந்து வந்தது. அதை வடிவமைத்த நீல்ஸ் போலின் முன்பு விமானத் துறையில் இருந்தவர். பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். விமானங்களில் தொடங்கி, 1978-ல் போஷ் வழியாக மெர்சிடிஸ் காருக்கு வந்தது. காற்றுப்பையும் பந்தயத்திலிருந்து வந்ததல்ல. சாலையில் மிக அதிக உயிர்களைக் காத்த கருவிகள் பெரும்பாலும் பந்தயத் தடத்தைத் தொடாமலே வந்தவை. 80-க்கும் மேற்பட்டோர் மாண்ட விபத்துக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட வாதம் என்பதால், இந்தக் குறையை லேசாகக் கடந்துபோக முடியாது.

விளம்பரம் என்ற பதில்

இரண்டாவது பதில் வெளிப்படையானது: பந்தயம் கார் விற்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும் என்பது அமெரிக்க விற்பனையாளர்களிடம் புழங்கிய பேச்சு. அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் சங்கம் 1957-ல் உறுப்பினர்கள் பந்தயத்தில் ஈடுபடுவதில்லை என்று தீர்மானம் போட்டது. 1962-ல் ஃபோர்டு அதை உதறிவிட்டுக் களத்தில் இறங்கியது. மறு ஆண்டு ஃபெராரியை விலைக்கு வாங்கப் போனது. பந்தய அணியின் கட்டுப்பாடு யாரிடம் என்பதில் முரண்பட்டு என்ஸோ ஃபெராரி பேச்சை முறித்தார். அதன் பிறகு இரண்டாம் ஹென்றி ஃபோர்டு லெ மான்ஸில் ஃபெராரியைத் தோற்கடிக்க எடுத்த முயற்சியும், 1966-ல் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டு ஜி.டி.40 வண்டிகள் பிடித்ததும் இன்று திரைப்படம் வரை வந்துவிட்ட கதை.

அந்தக் கதையில் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. ஃபோர்டு தன் 7 லிட்டர் இன்ஜினை டியர்போர்ன் ஆய்வகத்தில் டைனமோமீட்டரில் ஏற்றி, லெ மான்ஸ் சுற்று எப்படி இருக்குமோ அப்படியே வேகமும் கியர் மாற்றமும் கொடுத்து மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தது. அதாவது சோதனைக்கூடம் டியர்போர்னில்தான் இருந்தது. லெ மான்ஸ் வெளியே காட்டும் தேர்வு. முதல் வாதத்தை இது நேராகத் தாக்குகிறது. ஆய்வகத்திலேயே பந்தயத்தை உருவாக்கிக்கொள்ள முடிகிறபோது, பந்தயம் எதற்கு? கூட்டம் பார்ப்பதற்கு என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பது கடினம்.

கூட்டம் பார்த்ததால் கார் விற்றதா? இதற்குச் சான்று நாம் நினைக்கும் அளவு இல்லை. ஃபோர்டின் மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்து முதல் ஓராண்டில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அது வந்தபோது லெ மான்ஸ் வெற்றிக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. பென்ட்லி 1924-லும் 1927 முதல் 1930 வரையிலும் ஐந்து முறை லெ மான்ஸ் வென்றது. 1931-ல் நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸிடம் போனது. 1959-ல் லெ மான்ஸும் உலக ஸ்போர்ட்ஸ் கார் பட்டமும் வென்ற ஆஸ்டன் மார்ட்டினை 1972-ல் கடன் சுமையோடு அதன் உரிமையாளர் டேவிட் பிரவுன் கைமாற்றினார். 1991-ல் மஸ்தா 787பி சுழல் இன்ஜினோடு வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று லெ மான்ஸில் பெற்ற முதல் வெற்றி அது. ஆனால் எரிபொருளை அதிகம் குடிக்கும், புகைக் கட்டுப்பாட்டில் சிக்கும் சுழல் இன்ஜினை அந்த வெற்றியால் காப்பாற்ற முடியவில்லை. மறுபுறம், டொயோட்டா லெ மான்ஸில் முதல் முறை வென்றது 2018-ல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உலகில் மிக அதிகம் கார் விற்கும் நிறுவனமாகியிருந்தது.

இவை தனித்தனி எடுத்துக்காட்டுகள். விளம்பரத்தால் பயனே இல்லை என்று இவற்றிலிருந்து முடிவுகட்ட முடியாது. போர்ஷ, ஃபெராரி போன்ற சிறிய, விலை உயர்ந்த கார் நிறுவனங்களின் பெயருக்கு இன்று இருக்கும் மதிப்பில் பந்தயத்தின் பங்கு மிகப் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரும் எண்ணிக்கையில் விற்கும் நிறுவனத்துக்கும் அதே கணக்கு பொருந்துமா என்பதுதான் ஐயம்.

பந்தயத்துக்காகவே கார்

மூன்றாவது நிலை முதல் இரண்டையும் தலைகீழாகப் புரட்டுகிறது. காரை மேம்படுத்தவோ விற்கவோ பந்தயம் ஓடவில்லை. பந்தயம் ஓடுவதற்காகக் கார் விற்றார்கள். இதன் உருவம் என்ஸோ ஃபெராரி. 1929-ல் மோடெனாவில் அவர் தொடங்கிய ஸ்குதேரியா ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோ வண்டிகளை ஓட்டிய பந்தய அணி. தன் பெயரில் கார் செய்தது 1947-ல்தான். அணி முதலில், தொழிற்சாலை பிறகு. பிரிட்டனில் கோலின் சாப்மனின் லோட்டஸ் ஏறக்குறைய இதே வழியில் வளர்ந்தது. 1969-ல் ஃபெராரியின் பாதிப் பங்கை ஃபியட் வாங்கியபோதும் பந்தய அணியை என்ஸோ தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தனியார் அணிகளையும் இந்த நிலையில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 1965-ல் லெ மான்ஸ் வென்ற ஃபெராரியை ஓட்டியது தொழிற்சாலை அணி அல்ல. அமெரிக்காவில் ஃபெராரி விற்றுவந்த லூயிஜி கினெட்டியின் அணி. 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் ஜி.டி.40-ஐ வெற்றிக்கு ஓட்டியது ஃபோர்டு அல்ல. ஜான் வையரின் தனியார் அணி, அதுவும் இரண்டு முறையும் ஒரே வண்டியை. 1980-ல் லெ மான்ஸ் நகரைச் சேர்ந்த ழான் ரொந்தோ தன் பெயரிலேயே கட்டிய காரைத் தானே ஓட்டி வென்றார். அவருக்கு விற்பதற்குச் சாலைக் கார் எதுவும் இல்லை. பயன், விளம்பரம் என்ற சொற்களால் ரொந்தோவை விளக்க முடியாது. பந்தயத்தின் வரலாற்றை நிறுவனங்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இப்படிப்பட்டவர்களை அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். அது பெரிய அநீதி.

இந்த நிலைக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பந்தயம் இல்லாமல் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார் பிறக்காது என்ற முடிவுக்கு இது எளிதாக வழுக்கிவிடும். ஃபெருச்சியோ லம்போர்கினி பந்தயத்தில் இறங்க மறுத்தவர். அவருடைய நிறுவனம் 1966-ல் கொண்டுவந்த மியூரா, இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, அதன் பிறகு வந்த அதிவேகக் கார்களின் இலக்கணத்தையே வகுத்தது. அந்த அமைப்பு பந்தயத்தில் முன்பே இருந்தது. மியூராவை வடிவமைத்த இளம் பொறியாளர்களுக்குப் பந்தயத்தின் மேல்தான் கண் என்பதும் தெரிந்ததே. ஆயினும் பந்தய அணி என்ற ஒன்று இல்லாமலே அந்தக் கார் உருவானது.

விதிப்புத்தகத்தின் கை

மேற்சொன்ன மூன்று பதில்களும் நிறுவனத்தின் நோக்கத்தையே பார்க்கின்றன. நான்காவது பார்வை விதியைப் பார்க்கிறது. எனக்கு இதுவே அதிகம் விளக்குவதாகப் படுகிறது. பந்தயம் எதைக் கற்றுக்கொடுக்கும் என்பது விதி எதை அளக்கிறது என்பதைப் பொறுத்தது.

இத்தனை கார்கள் செய்திருந்தால்தான் பந்தயத்தில் ஓடலாம் என்ற விதி, சாலைக் காரையும் பந்தயக் காரையும் சேர்த்துக் கட்ட எழுந்தது. நடைமுறையில் அது வேறு விதமாக வேலை செய்தது. 1962-ன் ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வுக்கு 100 கார் கணக்கு. மொத்தம் உருவானவை 36. 1969-ல் 5 லிட்டர் இன்ஜினோடு ஓட 25 கார் வேண்டும் என்றது விதி. போர்ஷவின் 917-ஐப் பார்க்க வந்த அதிகாரிகளுக்கு முதலில் சில கார்களும் மீதி உதிரிகளும்தான் காட்டப்பட்டன. ஏற்க மறுத்தார்கள். ஏப்ரலில் மறுபடி வந்தபோது, போர்ஷ பொறியாளர் ஃபெர்டினாண்ட் பீயெக்கின் மேற்பார்வையில் 25 வண்டிகளும் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாக நின்றன. பூட்டும் வேலைக்கு அலுவலக ஊழியர்களும் இறங்கியிருந்தார்கள். விருப்பமானதை ஓட்டிப் பார்க்கலாம் என்று பீயெக் சொல்ல, அதிகாரிகள் அந்த அழைப்பை ஏற்கவில்லை. 1970-ல் போர்ஷவுக்கு லெ மான்ஸில் முதல் ஒட்டுமொத்த வெற்றி கிடைத்தது இந்த 917-ல்தான். சாலைக் காரோடு அதற்கு இருந்த உறவு காகிதத்தில் மட்டுமே.

1990-களில் இது முழுச் சுற்று வந்தது. கார்டன் மர்ரி வடிவமைத்த மெக்லாரன் எஃப்1 சாலைக்காகவே எழுந்த கார். வாடிக்கையாளர்கள் வற்புறுத்தியதால் பந்தயத்துக்கு மாற்றப்பட்டு 1995-ல் லெ மான்ஸ் வென்றது. அதைத் தோற்கடிக்க வந்த போர்ஷ 911 ஜி.டி.1, மெர்சிடிஸ் சி.எல்.கே. ஜி.டி.ஆர். இரண்டும் பந்தயக் கார்களாகவே பிறந்தவை. விதிக்காகச் சில பிரதிகளுக்கு எண்பலகை மாட்டப்பட்டது.

விதி வேறு விதமாக எழுதப்பட்டபோது விளைவும் வேறாக இருந்தது. 1982-ல் வந்த குரூப் சி, இன்ஜின் அளவைக் கட்டுப்படுத்தாமல் எரிபொருளைக் கட்டுப்படுத்தியது. 1,000 கிலோமீட்டருக்கு 600 லிட்டர், லெ மான்ஸ் 24 மணி நேரத்துக்கு 2,600 லிட்டர். எவ்வளவு வேகமாகவும் போகலாம், ஆனால் பெட்ரோல் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த ஆண்டு லெ மான்ஸில் போர்ஷ 956 வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் போஷ் மோட்ரானிக் கருவி 1979-லேயே ஒரு பி.எம்.டபிள்யூ. சாலைக் காரில் வந்துவிட்டிருந்தது. துளித்துளியாகக் கணக்குப் பார்க்கும் குரூப் சி பந்தயங்களில் அது பதம் பெற்றது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸைப் போர்ஷ இதே வண்டிகளில் ஓட்டிப் பார்த்தது. ஆனால் விற்பனைக் காரில் அதை முதலில் கொண்டுவந்தது 2003-ல் ஃபோக்ஸ்வாகன். போர்ஷவின் 911-க்கு அது வர 2008 ஆனது.

விதி அளக்காததைப் பந்தயம் கற்பிக்காது என்பதற்கு ஆடி நிறுவனத்தின் டீசல் வரலாறு கசப்பான சான்று. 2006-ல் ஆடி ஆர்10 லெ மான்ஸ் வென்ற முதல் டீசல் கார் ஆனது. மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பாதி அப்போது டீசல். பந்தயமே சாலையைப் பின்தொடர்ந்தது. டீசலின் சிக்கனத்தையும் தாங்கும் திறனையும் பந்தயம் உலகுக்குக் காட்டியது. டீசல் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை எந்தப் பந்தய விதியும் அளக்கவில்லை. 2015-ல் ஆடியும் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் புகைச் சோதனை மோசடி வெளியானபோது உடைந்தது அந்த இடத்தில்தான். 2016 முடிவில் ஆடி லெ மான்ஸை விட்டு விலகியது.

எதிர்த்திசை ஓட்டம்

நுட்பம் எப்போதும் தடத்திலிருந்து சாலைக்குத்தான் வரும் என்ற எண்ணமே பாதி உண்மை. டீசலைப் போலவே ஹைப்ரிடும் எதிர்த்திசையில் போனது. டொயோட்டா பிரியஸ் 1997-ல் விற்பனைக்கு வந்தது. லெ மான்ஸை ஒரு ஹைப்ரிட் வண்டி முதலில் வென்றது 2012-ல். தமிழ்நாட்டில் கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1980-களின் இறுதியில் கட்டிய ஃபார்முலா மாருதி வண்டியில் மாருதி 800 காரின் இன்ஜின் இருந்தது. அதற்கு முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஓடியவற்றிலும் கணிசமானவை பிரித்துச் செப்பனிட்ட சாலைக் கார்களே. பெரும் முதலீடு இல்லாத இடங்களில் பந்தயம் சாலைக் காரின் உதிரிகளை வைத்தே வளர்ந்தது. அந்த வண்டிகளால் பயன்பெற்றவர்கள் அவற்றில் கற்றுக்கொண்ட ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும்.

இது ஐந்தாவது ஒரு பதிலுக்குக் கொண்டுபோகிறது: பந்தயம் தருவது பாகங்களை அல்ல, ஆட்களை. கெடு தள்ளிப்போகாத வேலை பொறியாளரைக் கூர்மையாக்கும் என்பது இதன் சாரம். ஹோண்டாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1968-ல் ஃபார்முலா 1-ஐ விட்டு விலகிய ஹோண்டா, 1972-ல் புகை குறைந்த சி.வி.சி.சி. இன்ஜினை அறிவித்து, அமெரிக்காவின் கடுமையான தூய காற்றுச் சட்டத்தைச் சமாளித்தது. பந்தயத்தில் தேர்ந்த கைகள் அதில் உதவின என்று வாதிடலாம். பந்தயத்தை விட்டதால்தான் அந்தக் கைகள் அந்த வேலைக்குக் கிடைத்தன என்றும் வாதிடலாம். ஒரே நிகழ்ச்சி இரண்டு பக்கத்துக்கும் சான்றாகிறது. இந்தப் பதிலின் பலவீனமே அதுதான்: நம்பத் தகுந்ததாக இருக்கிறது, சோதித்துப் பார்க்க வழி இல்லை.

முடிவாகாதவை

பந்தயம் இல்லாத ஓர் உலகம் நம்மிடம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாதவரை, டிஸ்க் பிரேக் எத்தனை ஆண்டு தாமதமாகியிருக்கும் என்பது ஊகமாகவே இருக்கும். தோற்ற அணிகள் கைவிட்ட யோசனைகள் எவ்வளவு சாலைக்கு வந்தன என்பதும் ஒழுங்காகத் தொகுக்கப்பட வேண்டிய செய்தி. வென்றவர்களின் ஆவணங்களே அதிகம் பாதுகாக்கப்பட்டிருப்பதால், மிஷெலின் டயர் போன்ற கதைகள் நம் கணக்கில் குறைவாகவே வருகின்றன.

கையில் இருக்கும் சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம். 1930-கள் வரை, காருக்கும் பந்தயக் காருக்கும் இடைவெளி குறைவாக இருந்தபோது, சோதனைக்கூட வாதம் பெரும்பாலும் நிற்கிறது. 1950-களில் அது நிரூபண மேடை என்ற அளவில் நிற்கிறது. அதன் பிறகு விதி இடம் கொடுத்த காலங்களில் மட்டும் ஆங்காங்கே நிற்கிறது. போர்ஷ 919 வண்டியின் 800 வோல்ட் மின் அமைப்பு 2019-ல் டைகான் மின்காருக்கு வழிகாட்டியது என்று அந்த நிறுவனம் சொல்வது அப்படி ஒரு காலத்தின் விளைவு.

லெ மான்ஸின் உயர் பிரிவுக்கான இப்போதைய ஹைப்பர்கார் விதிகள் அந்த இடத்தைத் திறக்கின்றனவா, மூடுகின்றனவா என்பது விவாதத்தில் இருக்கிறது. 2023-ல் ஃபெராரி உயர் பிரிவுக்குத் திரும்பி வென்றது. கேடிலாக், பி.எம்.டபிள்யூ., டொயோட்டா எல்லாம் ஒரே தடத்தில் நிற்கின்றன. இவ்வளவு நிறுவனங்கள் வந்ததற்குக் காரணம் செலவு குறைந்தது. செலவு குறைந்ததற்குக் காரணம், ஒரு பிரிவில் அனுமதி பெற்ற நான்கு தயாரிப்பாளர்களின் சேஸிஸில் ஒன்றையும், எல்லோருக்கும் பொதுவான ஹைப்ரிட் பாகத்தையும் பயன்படுத்தும் விதி. அதற்கு மேல், முந்தும் வண்டிக்கு எடை கூட்டியும் சக்தி குறைத்தும் எல்லோரையும் சமமாக்கும் ஏற்பாடு. போட்டி நெருக்கமாகிறது, பார்ப்பதற்கு மிக நன்றாக இருக்கிறது. ஆனால் மின்மோட்டாரிலும் மின்கலத்திலும்தான் சாலைக் காரின் அடுத்த மாற்றம் நடக்கிறது என்றால், அந்தப் பாகங்களைப் பொதுவாக்கிவிட்ட பிரிவில் அவற்றைப் பற்றி யார் எதைக் கற்பது? ஹைட்ரஜன் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு என்று லெ மான்ஸ் அமைப்பாளர்கள் அறிவித்து, அதன் தேதியைத் தள்ளிவைத்தபடி இருக்கிறார்கள். அந்தப் பிரிவு வரும்போது எந்தப் பாகத்தை அணிகளே செய்யலாம், எதை வாங்கித்தான் மாட்ட வேண்டும் என்று எழுதப்படும் விதியை வைத்துத்தான், சோதனைக்கூட வாதத்துக்கு இன்னொரு காலம் இருக்கிறதா என்று பார்க்க முடியும்.